நாற்பத்திரண்டு சம்பவங்களும் ஒரு காரணமும்

திங்கட்கிழமை காலை ஒன்பது ஐந்துக்கு அவள் ராஜினாமா கடிதத்தைக் கொடுத்தாள். பதினொரு மணிக்கு அது பதினேழு திருத்தங்களுடன் திரும்பி வந்தது.

தலைமைக் குமாஸ்தா அதை அவள் மேசையில் வைத்தார்.

"மோசம்னு சார் சொல்லல மேடம். ரெண்டாவது பத்தி தொளதொளன்னு இருக்காம். இறுக்கிக் கொண்டுவரச் சொன்னார்."

"இது மனு இல்லீங்க. நான் வேலையை விடறேன்."

"புரியுது. அதையும் ஒழுங்காத்தானே எழுதணும்?"

அவள் பதினொரு வருடமாக அந்த வக்கீல் அலுவலகத்தில் ஜூனியர். வயது முப்பத்தாறு. காதோரம் நாலு வெள்ளை முடி. அவளுக்குப் பின்னால் சேர்ந்த ஐந்து பேர் போய்விட்டார்கள். யாரும் சொல்லிக்கொண்டு போகவில்லை. ஒருநாள் வரவில்லை, அவ்வளவுதான். சொல்லிக்கொண்டு போக நினைத்த முதல் ஆள் அவள். அதுதான் அவள் செய்த தவறு.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. அலுவலகத்தை விட்டு எந்தத் தாள் வெளியே போவதானாலும், எழுதியவர் அதைச் சீனியர் முன்னால் நின்று உரக்கப் படிக்க வேண்டும். சீனியர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். பிழை வந்தால் கண்ணைத் திறப்பார். வாயைத் திறக்க மாட்டார். என்ன பிழை என்பதைப் படிப்பவரே கண்டுபிடித்துத் திருத்தி, முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். கட்சிக்காரர்களுக்கு அந்த அறையில் நாற்காலி உண்டு. ஜூனியர்களுக்கு இல்லை. உட்கார்ந்தால் சட்டம் தலைக்கு ஏறாது என்பது சீனியரின் கொள்கை.

ராஜினாமாவும் வெளியே போகிற தாள்தான் என்று முடிவாயிற்று.

ஆறு மணி நேரப் பயணத் தொலைவில் ஒரு சிறிய ஊர். அங்கே ஏழைகளுக்கான சட்ட உதவி அலுவலகத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. அறுபது நாளுக்குள் சேர வேண்டும். பழைய இடத்திலிருந்து விடுவிப்புக் கடிதம் இல்லாமல் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். அதே ஊரில் ஒரு மருந்துக்கடைக்காரர் இருந்தார். டாக்டர் சீட்டு இல்லாமல் தலைவலி மாத்திரைகூடத் தராதவர். எழுத்தில் இருப்பதை நம்புகிறவர். அவளைக் கல்யாணம் செய்துகொள்ள மூன்று முறை தேதி வைத்தார். மூன்று முறையும் சீனியரின் வழக்கு குறுக்கே வந்தது. நாலாவது முறை அவர் தேதி வைக்கவில்லை.

"முதல்ல அந்த ஆபீசை விட்டு வெளியில வா, வக்கீலம்மா. அப்புறம் தேதி பாக்கலாம். நான் எங்கேயும் ஓடிப் போயிடல."

அன்று மாலை அண்ணன் வீட்டுக்குத் திரும்பியதும் அண்ணி கேட்டாள். "என்ன, விட்டுட்டாரா?"

"ரெண்டாவது பத்தியை இறுக்கணுமாம்."

"இறுக்கிக் குடுத்துட்டு வந்து தொலையேன். உன் ரூமுக்கு என் பொண்ணு இப்பவே பெயின்ட் பாத்துட்டு இருக்கா."

அவள் இறுக்கினாள். மறுநாள் தளர்த்தச் சொன்னார்கள்.

வியாழக்கிழமை ஒரு சினிமாத் தயாரிப்பாளர் வந்தார். படம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. ஒரு பெண் வக்கீல். அவளைப் பிழிந்தெடுக்கும் ஒரு மேலதிகாரி. சண்டை, மழை, கலைந்து விழும் காகிதங்கள், பிறகு காதல். கடைசிக் காட்சி மட்டும் பாக்கி. எப்படி முடிப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. அதைவிட அவசரமாக இன்னொன்று தேவைப்பட்டது: யாரும் இந்தப் படத்தின் மேல் வழக்குப் போட முடியாது என்று ஒரு வக்கீல் எழுதித்தரும் கடிதம்.

அலுவலகச் சுவரில் படம் போட்டார்கள். சீனியர் இரண்டரை மணி நேரமும் கண்ணைத் திறந்தே வைத்திருந்தார். விளக்குப் போட்டதும் சொன்னார்.

"இது நான்."

தயாரிப்பாளர் சிரித்தார். பிறகு சிரிப்பதை நிறுத்தினார். "சார், இது கற்பனை. உங்களையே எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்."

"எதிர்த்தரப்பு எல்லாரும் அதைத்தான் சொல்லுவாங்க. அவன் பைலை வீசறானே, பாத்தீங்களா? தோள்லேர்ந்து இல்ல, மணிக்கட்டுலேர்ந்து. அது என் வீச்சு. ஏம்மா, நீ சொல்லு."

அவள் அந்த வீச்சை அறிவாள். "ஆமா சார்."

"கேட்டுக்கிட்டீங்களா? உங்க வக்கீலா உங்களை எச்சரிக்க வேண்டியது என் கடமை. ஒரு சீனியர் வக்கீல் உங்க மேல அவதூறு வழக்குப் போடப்போறார். பெரிய ஆள். விடமாட்டார்."

"யாரு சார் அது?"

"நான்தான்."

வெள்ளிக்கிழமை காலை அவள் சீனியர் சார்பில் தயாரிப்பாளருக்கு நோட்டீஸ் எழுதினாள். மதியம் தயாரிப்பாளர் சார்பில் சீனியருக்குப் பதில் எழுதினாள். இரண்டையும் நின்று படித்தாள். நோட்டீசைக் கேட்டுவிட்டுச் சீனியர், இதற்குப் பதில் சொல்ல எவனாலும் முடியாது என்றார். பதிலைக் கேட்டுவிட்டு, அந்த நோட்டீசை எந்த முட்டாள் எழுதினான் என்றார்.

திங்களன்று சமரசப் பேச்சு. மேசைக்கு இருபுறமும் ஒவ்வொரு நாற்காலி. சீனியர் இந்தப் பக்கம் உட்கார்ந்து தன் மானம் போனதைப் பற்றி இருபது நிமிடம் பேசினார். எழுந்து சுற்றிவந்து அந்தப் பக்கம் உட்கார்ந்தார். மானம் இருந்ததற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார். திரும்ப வந்து, இப்படிப்பட்ட ஆளோடு பேச முடியாது என்று வெளியே போய்விட்டார். குமாஸ்தாவும் தயாரிப்பாளரும் வராந்தாவில் அவரைச் சமாதானப்படுத்தினார்கள். இரண்டு நாற்காலிக்கும் டீ வைத்தார்கள். மூன்று மணி நேரத்தில் உடன்பாடு வந்தது: கதாநாயகனுக்கு இன்னொரு பாட்டு. இரு தரப்பும் கைகுலுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. சீனியர் அதையும் செய்தார்.

தயாரிப்பாளர் கையெழுத்துக்காகக் காத்திருந்த நேரத்தில் அவளுடைய முறை வந்தது. ராஜினாமா, ஒன்பதாவது பிரதி. அவள் நின்று படித்தாள்.

"பதினொரு ஆண்டுகள் தங்கள் அருகில் நின்றேன். தங்கள் குரல் கேட்டு விழித்தேன். அது ஓய்ந்த பிறகே உறங்கினேன். இனி நிற்க என் கால்களில் வலுவில்லை. என்னை விடுவியுங்கள்."

முதல் பிரதியில் இருந்தது வேறு. பணிச்சுமை காரணமாக ராஜினாமா செய்கிறேன் என்று ஒரே வரி. அதை இறுக்கியும் தளர்த்தியும் இங்கே கொண்டுவந்தவர் சீனியர். அவர் கண் மூடியிருந்தது. ஒன்பதாவது பிரதியில் பிழை இல்லை. 

நாற்காலியிலிருந்து ஒரு விசும்பல் கேட்டது. தயாரிப்பாளர் அழுதுகொண்டிருந்தார்.

"இதான் சார் என் கடைசி சீன். அவ இதைப் படிக்கிறா. அவன் வாங்கிக் கிழிச்சுப் போடறான். ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சுக்கறாங்க. படம் முடிஞ்சுது!"

சீனியர் யோசித்தார். "கிழிக்கறது சட்டப்படி செல்லும். ஏத்துக்காத ராஜினாமா ராஜினாமாவே இல்ல."

"சார், அது என் கடிதம்" என்றாள் அவள்.

"இருந்துச்சும்மா. இப்ப அது வசனம். கட்சிக்காரரோட சொத்து. அதை எடுத்து நம்ம சொந்த உபயோகத்துக்கு வச்சுக்கறது தப்பில்லையா? தொழில்ல நேர்மைன்னு ஒண்ணு வேண்டாமா?"

"அப்ப வேற எழுதிக் கொண்டுவரேன்."

"எழுது. ஆனா கையில ஒரு வழக்கு இருக்கறப்ப யாரையும் விடுவிக்கறதில்ல, அது இந்த ஆபீஸ் விதி. இந்தப் படத்துல நோட்டீசும் நீ, பதிலும் நீ. இது முடியட்டும். முடிஞ்சு படம் வெளிவந்ததும் நானே கையெழுத்துப் போட்டுத் தரேன். என் வார்த்தை."

அவர் வார்த்தை தவறியதில்லை. அவருக்குப் பயப்படுகிறவர்கள்கூட அதை ஒப்புக்கொள்வார்கள். அவள் நாட்களை எண்ணினாள். ஐம்பத்திரண்டு பாக்கி இருந்தது.

இரண்டு வாரத்தில் செய்தி கசிந்தது. நகரத்தின் வேறு ஏழு மூத்த வக்கீல்கள் தயாரிப்பாளருக்கு நோட்டீஸ் அனுப்பினார்கள். படத்தில் வரும் கொடுமைக்காரன் தான்தான் என்று ஏழு பேரும் தனித்தனியாகச் சொல்லியிருந்தார்கள். நஷ்ட ஈடு யாரும் கேட்கவில்லை. அது நானே என்று படத்தில் போட வேண்டும், அவ்வளவுதான்.

வக்கீல் சங்கம் தலையிட்டது. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் விசாரித்து, உண்மையான கொடுமைக்காரர் யார் என்று முடிவு சொல்வார். வாய்ப்பேச்சு போதாது, ஆதாரம் வேண்டும்.

"ஆதாரம் எங்கிட்ட நடமாடிக்கிட்டு இருக்கு" என்றார் சீனியர். அவளிடம் ஒரு கட்டு வெள்ளைத்தாளைக் கொடுத்தார். "பிரமாணப் பத்திரம். பதினொரு வருஷத்துல உன்னை என்னெல்லாம் பண்ணினேனோ, ஒண்ணு விடாம எழுது. கூசாதே."

அவள் கூசவில்லை. எழுதச் சொல்லியிருந்தது உண்மை. இத்தனை வருடத்தில் அப்படி யாரும் அவளைக் கேட்டதில்லை. எழுத எழுத உடம்பு லேசாயிற்று. சம்பவம் ஏழு: காய்ச்சலில் படுத்திருந்தபோது கட்டிலுக்கே வழக்குக் கட்டு வந்தது, குமாஸ்தா பக்கம் பக்கமாகப் பிடித்துக் காட்டினார். சம்பவம் பத்தொன்பது: கல்யாணத்துக்கு முதல் நாள் தடை மனு ஒன்று ஞாபகம் வந்தது. சம்பவம் இருபத்து மூன்று: அதே போல, வேறு மனு. சம்பவம் முப்பத்தொன்று: மூன்றாவது கல்யாணத் தேதிக்கு வாழ்த்து அட்டை அனுப்பினார், அட்டையில் ஒரு பிழையைக் கண்டு திரும்ப வாங்கிக்கொண்டார், அவளையும் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார். மொத்தம் நாற்பத்திரண்டு.

நின்று படித்தாள். சீனியர் முகத்தில் மெல்ல ஒரு மலர்ச்சி பரவியது. முப்பத்தொன்றில் மட்டும் கண் திறந்தது. அவள் வெள்ளியை வியாழன் என்று திருத்தி முதலிலிருந்து படித்தாள். முடித்தாள்.

"பிரமாதம்" என்றார். அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து அவள் கேட்டதில்லை. "ஆனா கடைசிப் பத்தி எங்கே?"

"அவ்வளவுதான் சார்."

"இத்தனையும் நடந்திருக்கு. இவ ஏன் போகலைன்னு நீதிபதி கேக்கமாட்டாரா? காரணம் வேணாமா? சம்பளமா?"

"இல்ல சார்."

"அதானே, அது எனக்கே தெரியும். பயமா? பயம்னு போட்டா மிரட்டல் ஆயிடும், என்னை உள்ள வச்சிடுவான். வேற என்ன?"

"நீங்க விடலை சார்."

சீனியருக்கு நிஜமாகவே வருத்தம் வந்துவிட்டது. "அது காரணம் இல்லம்மா, அது நடைமுறை. காரணம்னா மனசுக்குள்ள இருக்கணும்."

அவள் மனசுக்குள் தேடிப் பார்த்தாள். களைப்பு இருந்தது. அது காரணமாகாது என்று அவளுக்கே தெரிந்தது.

சீனியர் சொல்லச் சொல்லக் குமாஸ்தா எழுதினார். 'மேற்கண்ட யாவும் நடந்த பின்னரும் பிரமாணதாரர் இவரை விட்டு நீங்கவில்லை. இதற்குக் காரணம் அன்பு அன்றி வேறெதுவும் இருக்க இயலாது என்று கொள்வது நியாயமானதே.'

"சார், இது உண்மை இல்ல."

"உண்மைன்னு எங்கே போட்டிருக்கேன்? கொள்வது நியாயம்னுதானே போட்டிருக்கேன். நியாயமா, இல்லையா? வெளியாள் ஒருத்தன் படிச்சா என்ன நினைப்பான்?"

அவள் வக்கீல். வெளியாள் என்ன நினைப்பான் என்று அவளுக்குத் தெரியும்.

இருபத்தாறு நாள் இருந்தது. இது முடிந்தால் படம் வெளிவரும். படம் வந்தால் கடிதம் வரும். கையெழுத்துப் போட்டாள். கதை வெளியே போகக்கூடாது என்பதால், படம் வரும்வரை இதைப் பற்றி எந்த மூன்றாம் நபரிடமும் பேசுவதில்லை என்று இன்னொரு தாளிலும் போடச் சொன்னார்கள். மருந்துக்கடைக்காரர் மூன்றாம் நபரா என்று கேட்டாள். குமாஸ்தா புத்தகத்தைப் பார்த்துவிட்டு, தாலி கட்டும்வரை மூன்றாம் நபர்தான் என்றார்.

சங்கத்தின் மண்டபம் வக்கீல்களால் நிரம்பி வழிந்தது. ஏழு சீனியர்களும் முழு உடையில் வந்திருந்தார்கள். முதலாமவர் நெஞ்சில் கை வைத்துப் பேசினார். "என் ஜூனியர் பேரு என்னன்னு எனக்கு இன்னிக்கும் தெரியாது. பதினாறு வருஷமா என்னோட இருக்கான். இதுக்கு மேல என்ன வேணும்?" கைதட்டல். இரண்டாமவர், தன் ஜூனியருக்குக் குழந்தை பிறந்த அன்று பிரசவ வார்டுக்கே போய் வரைவைத் திருத்தியதாகச் சொன்னார். "அந்தக் குழந்தை அழுதுச்சு. அதையும் வெளியில கொண்டுபோகச் சொன்னேன்!" மூன்றாமவர் தன் ஜூனியரையே கூட்டிவந்திருந்தார். பேச எழுந்தவனை உட்கார் என்றார். உட்கார்ந்தவனை எழுந்திரு என்றார். சபை அவனைப் பாராட்டியது. ஐந்தாமவர் ஒன்றும் சொல்லாமல் அழுதார். நல்லவன் என்று தன்னைப் பற்றி யாரோ புரளி கிளப்பிவிட்டார்களாம்.

நீதிபதி பெருமூச்சு விட்டார். "என் காலத்துல இதையெல்லாம் கொடுமைன்னு யாரும் எண்ணினதே கிடையாது. பயிற்சின்னு சொல்லுவோம்."

பிறகு அவள் எழுந்து நாற்பத்திரண்டையும் படித்தாள். முப்பதைத் தாண்டும்போது ஏழு சீனியர்களில் இருவர் தலை குனிந்தார்கள். கடைசிப் பத்தியில் நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார்.

"மத்தவங்ககிட்ட கொடுமை மட்டும்தான் இருக்கு" என்றார் நீதிபதி. "இவர்கிட்ட பலனும் இருக்கு." தீர்ப்பு ஒரே வரி. படம் உண்மைக் கதை. மேல்முறையீடு இல்லை.

படம் வெள்ளிக்கிழமை வெளிவந்தது. காலைக் காட்சிக்கு அலுவலகமே போனது. முதலில் கறுப்புத் திரை. அதில் வெள்ளை எழுத்தில் கடைசிப் பத்தி. அதற்குக் கீழே அவளுடைய கையெழுத்து, ஒரு ஆள் உயரத்துக்கு. கடைசியில் கதாநாயகி கடிதத்தைப் படித்தாள். கதாநாயகன் கிழித்துப் போட்டான். துண்டுகள் பறந்தன. எல்லோரும் எழுந்து நின்று விசில் அடித்தார்கள். சீனியர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கம் சாய்ந்தார்.

"ஒரு காற்புள்ளியை விட்டுட்டா, கவனிச்சியா?"

ஞாயிற்றுக்கிழமை அண்ணியும் அண்ணனும் பார்த்துவிட்டு வந்தார்கள். அண்ணன் அவள் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டான். அண்ணி செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. அந்த மனுஷனை மூணு தடவை காக்க வச்சது இதுக்குத்தானா?"

"அண்ணி, அது நடைமுறைக்காக எழுதினது."

"ஊரே படிச்சுதுடி. நான் என்ன, எழுதப் படிக்கத் தெரியாதவளா?"

அவளுடைய அறையில் பெயின்ட் வாசனை வந்தது. அவள் பெட்டி ஏற்கெனவே கூடத்தில் இருந்தது.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குச் சீனியர் அவளைக் கூப்பிட்டார். வார்த்தை தவறவில்லை. விடுவிப்புக் கடிதம், கையெழுத்து, முத்திரை. அன்று மாலை ஐந்து மணி முதல் விடுவிக்கப்படுகிறார். அறுபது நாளில் இன்னும் மூன்று நாள் மிச்சம் இருந்தது.

"படத்துல அவ போகல. நீ போற" என்றார்.  "பரவால்ல. கலை வேற, வாழ்க்கை வேற. உன் இடத்துக்கு நாலு பொண்ணுங்க விண்ணப்பம் போட்டிருக்காங்க. படம் பாத்துட்டுத்தானாம்."

மதியம் மருந்துக்கடைக்காரர் தொலைபேசியில் கூப்பிட்டார். அவளே கூப்பிட இருந்தாள். கடிதம் மடியில் இருந்தது.

"படம் பாத்தேன், வக்கீலம்மா. நல்லா சிரிச்சேன். முடிவுல அழுகை வந்துடுச்சு."

"அது நான் இல்லீங்க."

"முதல்லயே போட்டுட்டாங்களே. உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா?"

"இந்தக் கடிதத்தை வாங்கறதுக்காகத்தான் போட்டேன். வேற வழி இல்ல. உங்ககிட்டச் சொல்லக்கூடாதுன்னு அதையும் எழுதி வாங்கிட்டாங்க."

 கடையில் யாரோ இருமினார்கள். அவர் அவர்களுக்குச் சில்லறை கொடுத்துவிட்டு வந்தார்.

"சத்தியம் பண்ணி எழுதற பத்திரம்தானே அது?"

"ஆமா."

"அப்ப சத்தியம் பண்ணிப் பொய் எழுதினியா? இல்ல, எழுதினது நிஜமா? ரெண்டுல ஒண்ணைச் சொல்லு. நான் கேட்டுக்கறேன்."

அவர் கோபமாகக் கேட்கவில்லை. எந்த மாத்திரை வேண்டும் என்று கேட்பது போலத்தான் கேட்டார். நியாயமாகக் கொள்ளலாம் என்றுதான் எழுதியிருந்தது, நிஜம் என்று எழுதவில்லை என்று சொல்ல வாயெடுத்தாள். அது சீனியரின் வாக்கியம். வாயை மூடிக்கொண்டாள்.

"சரி விடு" என்றார் அவர். "ஒண்ணும் தப்பில்ல. அந்தச் சட்ட உதவி ஆபீஸ்ல பாவம், உனக்காக இடத்தை வச்சுக்கிட்டே இருந்தாங்க. நான் காலையிலேயே போய்ச் சொல்லிட்டேன், நீங்க வேற ஆளை எடுத்துக்கங்கன்னு. அடுத்த ஆள் பேரை உடனே எழுதிட்டாங்க. நல்லா இரும்மா."

வக்கீலம்மா என்று சொல்லவில்லை. அம்மா என்றார், கடைக்கு வருகிறவர்களைச் சொல்வது போல.

ஐந்து மணிக்குக் குமாஸ்தா மேசைச் சாவியை வாங்கிக்கொண்டு, பெற்றுக்கொண்டதற்கு ரசீது கொடுத்தார். அவள் அண்ணன் வீட்டுக் கூடத்திலிருந்து பெட்டியை எடுத்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு வந்தாள். வரிசையில் நின்றாள். முன்னால் ஆறு பேர், பிறகு மூன்று பேர், பிறகு கண்ணாடித் துவாரம்.

"எந்த ஊரு?" என்றார் சீட்டுக் கொடுப்பவர்.

அவள் விடுவிப்புக் கடிதத்தைத் துவாரத்துக்குள் நீட்டினாள். அவர் அதைப் பிரித்து முழுக்கப் படித்தார். திருப்பிக் கொடுத்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்காங்க. ஊர் பேரு எங்கம்மா?"

பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. யாரோ உச்சுக்கொட்டினார்கள். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கி, அடுத்தவருக்கு வழி விட்டாள்.